பாண்டிய அரியணையும் ஐயப்பன்தாங்கல் அணியும்

ஓர் அமைப்புக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்பதைத் தமிழன் ஒரே சோதனையில் கண்டுபிடித்துவிடுவான். அது இரண்டாக உடைந்ததா? உடைந்திருந்தால் உயிர் இருக்கிறது. உடையாத அமைப்புகள் எல்லாம் வெறும் பெயர்ப்பலகைகள். ஆனால் குடவோலை கண்ட இந்த மண்ணில், ஓர் அமைப்பு உடைவதற்குக் குறைந்தபட்சம் எத்தனை உறுப்பினர்கள் வேண்டும் என்பது மட்டும் நெடுங்காலமாகத் தீர்மானிக்கப்படாமலே கிடந்தது. அந்த ஆராய்ச்சியை முடித்துவைத்த பெருமை மேற்குச் சென்னை மேசைப்போர் மன்றத்தையே சேரும். அதன் மொத்த உறுப்பினர்கள் ஐந்து பேர்.

இந்தச் சாதனையில் பெரும்பங்கு வகித்தவர் கிருபாகரன். வயது நாற்பத்தாறு. அம்பத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. ஐயப்பன்தாங்கலில் பஸ் டெப்போவுக்குப் பின்னால் மூன்றாவது மாடியில் ஃபிளாட். அந்த ஃபிளாட்டின் ஹால்தான் மன்றத்தின் தலைமையகம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு சோபாவைச் சுவரோரம் நகர்த்திவிட்டால் தலைமையகம் தயார்.

மன்றம் ஆடியது ‘பாண்டிய அரியணை’ என்ற ஒரே ஒரு விளையாட்டு. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ரகுநாதன் ஆறு வருடம் உட்கார்ந்து உருவாக்கியது. குலசேகர பாண்டியன் கண்ணை மூடியதும் அவர் பிள்ளைகள் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் மதுரைக்காக அடித்துக்கொண்டார்களே, அந்தப் போர்தான் ஆட்டம். ஆறடிக்கு நான்கடி ஃபிளெக்ஸில் பாண்டிய நாட்டு வரைபடம். கல்யாண பேனர் போடும் கடையில் அடித்தது. கடைக்காரர் பழக்கதோஷத்தில் ராமேஸ்வரத்துக்கு மேலே ‘வருக வருக’ என்று போட்டுவிட்டார். படையெடுப்பு பற்றிய வரைபடம் என்பதால் அது பொருத்தமாகவே இருக்கிறது என்று மன்றம் ஏற்றுக்கொண்டது.

காய்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. யானை, குதிரை, காலாள் எல்லாம் அலுமினியத்தில் கடைந்தவை. கடைந்தவர் தேவராஜ், ஆவடியில் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபோர்மேன், குவார்ட்டர்ஸ்வாசி. விதிப்புத்தகம் அறுபத்துநான்கு பக்கம். அதற்குப் பிழை திருத்தியவர் பூந்தமல்லியில் பள்ளி ஒன்றில் வரலாறு நடத்தும் சபீனா. ஐந்தாவது உறுப்பினர் ஜீவா. திருவேற்காடு – பூந்தமல்லி வழியில் ஷேர் வேன் ஓட்டுகிறவர். ஆட்டத்தில் ஒன்பதாவது சுற்றில் வடக்கிலிருந்து ஒரு படை வந்து அண்ணன் தம்பி இருவரையும் துவைத்துப் போடும். அந்தப் படை ஜீவாவுடையது. அதுவரை அவருக்கு வேலை இல்லை என்பதால் சோபாவில் படுத்துத் தூங்குவார். நேரம் வந்ததும் எழுந்து, “இன்னா மாமே, நான் வர்ற டைம் ஆயிடுச்சா?” என்று கேட்டுவிட்டுப் பாண்டிய நாட்டை அழிப்பார். அழித்ததும் அனுசுயா காபி கொண்டுவருவாள். அனுசுயா கிருபாகரனின் மனைவி.

பதினோரு வருடம் கிருபாகரன் சுந்தர பாண்டியன், தேவராஜ் வீர பாண்டியன். பதினோரு வருடமும் இருவரும் ஒருவர் கோட்டையை ஒருவர் கொளுத்திக்கொண்டார்கள். இடையில் ஒருமுறை கிருபாகரனின் கம்பெனி ஆட்குறைப்பு செய்து, அவர் ஏழு மாதம் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தார். சொந்தக்காரர்கள் எல்லோரும் தினமும் போன் போட்டு “ஏதாவது தகைஞ்சுதா?” என்று விசாரித்தார்கள். தேவராஜ் ஒருநாளும் விசாரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பைக்கில் வந்து, காய் டப்பாவைத் திறந்து, “எழுந்து வாடா, கொற்கையைப் பிடிச்சுட்டேன்” என்பார். அந்த ஏழு மாதமும் கிருபாகரன் ஞாயிற்றுக்கிழமைக்காகவே சவரம் செய்துகொண்டார். இப்படிப்பட்ட பலவீனங்கள் அந்தக் காலத்தில் மன்றத்தில் நிறைய இருந்தன. நல்லவேளை, பிறகு களையப்பட்டன.

சென்ற தை மாதம் ரகுநாதன் மெல்பர்னில் இருக்கும் மகளிடம் நிரந்தரமாகப் போவதென்று முடிவாயிற்று. மன்றமே திரண்டு, அதாவது நான்கு பேர், ஜீவாவின் வேனில் அவரை விமான நிலையத்துக்கு அழைத்துப்போனார்கள். வாசலுக்குச் சற்று முன்னால் ரகுநாதன் நின்றார். கையைப் பொதுவாக ஒரு வீசு வீசி, “பாத்துக்கோங்க” என்றார். பிறகு அவசரமாகக் கழிவறைக்குப் போய்விட்டு வந்தார். வந்து ஒவ்வொருவரையும் கட்டிக்கொண்டு, கண் கலங்கி, “ஞாயித்துக்கிழமையை மட்டும் விட்டுடாதீங்கப்பா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பின்னால் சொன்னதற்கு அமைப்புச் சட்டரீதியான முக்கியத்துவம் எதுவும் இல்லை. முன்னால் சொன்னதுதான் வரலாறு.

அடுத்த ஞாயிறு, ஐந்தாவது சுற்றில் வைகையில் வெள்ளம் வந்தது. தேவராஜ் தன் யானைப்படையைத் தூக்கி ஆற்றுக்கு அந்தப் பக்கம் வைத்தார்.

“வெள்ளத்துல ஆனை தாண்டாது,” என்றார் கிருபாகரன்.

“தாண்டும்டா. ஆனைக்கு இன்னா வெள்ளம்?”

சபீனா விதிப்புத்தகத்தைப் புரட்டினார். நாற்பத்தோராம் பக்கத்தில், ‘ஐயம் எழுந்தால் தலைமை நடுவர் தீர்ப்பே இறுதியானது’ என்றிருந்தது. தலைமை நடுவரான ரகுநாதன் அப்போது மெல்பர்னில் பேத்தியைப் பூங்காவில் ஊஞ்சலாட்டிக்கொண்டிருந்தார்.

“அப்ப நான் சொல்றேன், தாண்டாது,” என்றார் கிருபாகரன்.

“நீ யாருடா சொல்றதுக்கு?”

“சார் போகும்போது என்கிட்டதானே ‘பாத்துக்கோங்க’ன்னு சொல்லிட்டுப் போனாரு?”

“உன்கிட்டயா? என் மூஞ்சியப் பாத்துல்ல சொன்னாரு!”

அந்தக் கணத்தில் ஆறு, யானை, மதுரை எல்லாம் சின்ன விஷயங்களாயின. காலியாகக் கிடந்த ஒரு பதவி முதன்முறையாக எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. சம்பளம் கிடையாது, அதிகாரம் கிடையாது, உட்கார நாற்காலிகூடக் கிடையாது. பதவிகளிலேயே தூய்மையானது அதுதான்.

ஜீவா ஸ்டேட்டஸ் போடுவதற்காக விமான நிலையத்தில் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருந்த வீடியோ இருந்தது. பதினொரு முறை போட்டுப் பார்த்தார்கள். ரகுநாதன் கை வீசுகிறார், வாய் அசைகிறது, ‘பாத்துக்கோங்க’ தெளிவாகக் கேட்கிறது. ஆனால் யாரைப் பார்க்கிறார் என்பது தெரியவில்லை. கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்ததால் பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

“ஆனை ஆத்தத் தாண்டினா என்ன, தாண்டாட்டி என்ன? காபி ஆறுது,” என்றாள் அனுசுயா. அவள் உறுப்பினர் அல்ல என்பதால் இக்கருத்து குறிப்பில் ஏற்றப்படவில்லை.

தேவராஜ் எழுந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு காய்களையும் டப்பாவில் போட்டு மூடினார். “காய் நான் கடைஞ்சது,” என்றார். கிருபாகரன் வரைபடத்தைச் சுருட்டினார். “ஃபிளெக்ஸ் என் வீட்ல இருக்கு,” என்றார். தேவராஜ் படியிறங்கும் சத்தம் மூன்று மாடியும் கேட்டது. சோபாவில் இருந்த ஜீவா கண்ணைக் கசக்கிக்கொண்டு, “இன்னாப்பா, அதுக்குள்ள ஒம்போதாவது ரவுண்டா?” என்றார்.

அன்று மதியம் இரண்டு மணிக்கு முதல் அறிவிப்பு வாட்ஸாப்பில் வந்தது. கிருபாகரன் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக மின்னஞ்சல் எழுதித் தேர்ந்தவர் என்றாலும், இப்படி ஒரு நடை தன் விரல்களுக்குள் உறங்கிக்கிடந்தது அவருக்கே வியப்பாக இருந்தது.

‘மன்றத்தின் கொள்கை குறிக்கோள்களுக்கு முரணாகவும், மன்றத்தின் கண்ணியத்துக்கு மாசு ஏற்படும் வகையிலும் செயல்பட்ட காரணத்தால், ஆவடி தேவராஜ் இன்று முதல் அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கிவைக்கப்படுகிறார். மன்றத்தினர் யாரும் அவருடன் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது.’

மன்றத்தினர் என்று மிச்சமிருந்தவர்கள் சபீனாவும் ஜீவாவும். இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு அதே வாசகத்தில் ஐயப்பன்தாங்கல் கிருபாகரனை நீக்கி ஆவடியிலிருந்து அறிவிப்பு வந்தது. மன்றம் உயிர் பெற்றுவிட்டது.

இரண்டு அணிகளும் தனித்தனியே வாட்ஸாப் குழு தொடங்கி, சபீனாவையும் ஜீவாவையும் கேட்காமலே சேர்த்துக்கொண்டன. நான்கு பேரில் மூன்று பேர் தன் பக்கம் என்று கிருபாகரன் அறிவித்தார். நான்கு பேரில் மூன்று பேர் தன் பக்கம் என்று தேவராஜும் அறிவித்தார். ஆக, நான்கு பேர் கொண்ட மன்றத்தில் தலைவர்களுக்கு ஆறு பேர் ஆதரவு இருந்தது. மக்கள் செல்வாக்கு என்பது இதுதான்.

ஆனாலும் கிருபாகரனுக்கு மனம் நிலைகொள்ளவில்லை. ஜீவாவை ஆவடிக்காரர்கள் இழுத்துவிடுவார்களோ என்ற பயம். எனவே அடுத்த ஞாயிறு அவரைப் பாதுகாப்பாக ஒரு ரிசார்ட்டில் கொண்டுபோய் வைப்பதென்று முடிவு செய்தார். கிருபாகரனின் கார் சர்வீஸுக்குப் போயிருந்தது. ஆகவே கடத்தப்படுபவரே வேனை ஓட்டிக்கொண்டு வந்தார்.

பூந்தமல்லியில் வேன் நின்றது. “திருமழிசை, திருமழிசை! ஏறு, ஏறு!” என்று ஜீவா கத்தினார்.

“ஜீவா, இது ரகசியப் பயணம்!”

“இருக்கட்டும் மாமே. வண்டி காலியா போனா எனுக்குத் தூக்கம் வந்துரும். அப்பறம் ரகசியமாவே மேல போய்ச் சேர வேண்டியதுதான்.”

பதினான்கு பேர் ஏறினார்கள். பூக்கூடையோடு ஏறிய ஓர் அம்மாள் கூடையைக் கிருபாகரனின் மடியில் வைத்துவிட்டு, “கொஞ்சம் புடிச்சுக்க நைனா,” என்றார். கிருபாகரன் சாமந்திக்குப் பின்னாலிருந்து அணி அரசியலை நினைத்துக்கொண்டே போனார்.

ரிசார்ட்டில் ஜீவா மூன்று முறை நீந்தினார். இரண்டு பிரியாணி சாப்பிட்டார். விசுவாசக் கடிதத்தில் கையெழுத்தும் போட்டார். போட்டு முடித்த கையோடு அவர் போன் அடித்தது.

“ஆங், சொல்லு அண்ணாத்தே… கீறேன் கீறேன், கிருபா சார் கூடத்தான் கீறேன்… அட்த்த வாரமா? சரி, வண்டிய எட்துகினு வந்துர்றேன்.” வைத்துவிட்டுச் சொன்னார்: “தேவா அண்ணாத்தேதான். அட்த்த ஞாயித்துக்கெய்ம என்னை மாமல்லபுரம் இட்டுகினு போறாராம். அங்க கடலே கீதாம் மாமே.”

கிருபாகரன் மடித்து வைத்திருந்த கடிதத்தைப் பார்த்தார். அதில் பிரியாணி எண்ணெய் பட்டிருந்தது.

இப்படி நான்கு மாதம் ஓடிற்று. ஆட்டம் நடக்கவில்லை. வரைபடம் இருந்த இடத்தில் காய் இல்லை. காய் இருந்த இடத்தில் வரைபடம் இல்லை. அறிக்கைகள் மட்டும் வாரம் தவறாமல் வந்தன. அந்த நிலையில்தான் சபீனா டீச்சர் எந்த அனுபவசாலியும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு யோசனையைச் சொன்னார்.

“ரகுநாதன் சார் நல்லாத்தானே இருக்கார்? அவர்கிட்டயே கேட்டுடலாமே?”

இரண்டு அணிகளும் அதிர்ந்தன. நிறுவனரின் விருப்பம் என்ன என்பதை நிறுவனரிடமே கேட்பது எந்த அமைப்பிலும் இல்லாத வழக்கம். ஆனாலும் மறுத்தால் பயம் என்று எதிரணி சொல்லிவிடுமே என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். நடுநிலையான இடம் என்பதால் பூந்தமல்லியில் சபீனாவின் வீட்டில் கூடினார்கள். கிருபாகரனும் தேவராஜும் சோபாவின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஜீவா. எதிரே ஸ்டூலில் சபீனாவின் போன். திரையில் ரகுநாதன் வந்தார்.

“என்னப்பா, எல்லாரும் இருக்கீங்களா? ஆட்டம் எப்படிப் போகுது? தேவா, இப்பவாவது அந்தத் தொண்டியை ஒழுங்கா காவல் காக்கிறியா?”

கிருபாகரன் தொண்டையைச் செருமினார். “சார், ஏர்போர்ட்ல போகும்போது ‘பாத்துக்கோங்க’ன்னு சொன்னீங்களே…”

“நானா? எப்போ?”

“வாசல்கிட்ட சார். கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு. கையை இப்படி வீசி.”

“யாரப் பாத்து சார் சொன்னீங்க? அத மட்டும் சொல்லுங்க,” என்றார் தேவராஜ்.

ரகுநாதன் யோசித்தார். நெற்றியைத் தேய்த்தார். அவர் பின்னால் பேத்தி ஒரு பந்தைத் தட்டிக்கொண்டு போனாள்.

“ஓ, அதுவா! டிராலியப் பாத்துக்கோங்கன்னு சொன்னேம்பா. மாத்திரைப் பை அதுக்கு மேலயே இருந்துது. எனக்கு பாத்ரூம் அவசரம்.”

சபீனா சிரிக்க ஆரம்பித்தார். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை. ஜீவா, “அப்ப டிராலியப் பாத்துகினது நான்தான்! நீங்கள்லாம் செல்ஃபி எட்துகினு இருந்தீங்க. அப்ப நான்தான் நடுவரு!” என்றார்.

விஷயம் புரிந்ததும் ரகுநாதன் தலையில் அடித்துக்கொண்டார். “இதுக்கா ஆட்டத்தை நிறுத்திட்டீங்க? வாரத்துக்கு ஒருத்தர் நடுவரா இருந்துட்டுப் போங்களேம்பா. காசைச் சுண்டிப் பாருங்க. ஒரு வேலையா இது?”

அன்று மாலையே இரண்டு அணிகளும் தனித்தனியாக நடவடிக்கை எடுத்தன. நிறுவனர் மேற்குச் சென்னை எல்லைக்குள் வசிக்காததால் விதி இரண்டின்படி உறுப்பினராக நீடிக்க முடியாது என்று கிருபாகரன் நீக்கினார். நிறுவனரின் புகழுக்குக் களங்கம் விளைவிக்கும் வகையில் பேசியதற்காக நிறுவனரை தேவராஜ் நீக்கினார்.

மறுநாள் சபீனா கிருபாகரனுக்குப் போன் செய்தார்.

“ஒண்ணு சொல்லட்டுமா கிருபா சார்? ஞாயித்துக்கிழமை காலையில மூணு மணி நேரம் என் வீட்ல யாரும் என்னை எதுக்கும் கூப்பிட மாட்டாங்க. அம்மா விளையாடப் போயிருக்கான்னு பசங்க சொல்லுவாங்க. இந்த வயசுல விளையாடப் போற ஒரே பொம்பளை எங்க தெருவுல நான்தான். அதுக்காகத்தான் சார் வந்தேன். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து அதை எடுத்துட்டீங்க. நான் விலகிக்கிறேன்.”

கிருபாகரனுக்கு ஏதோ சொல்ல வேண்டும் போல இருந்தது. “விலகல் கடிதத்தை எழுத்துமூலமாக் குடுத்துடுங்க டீச்சர்,” என்றார்.

ஜீவா இரண்டு குழுக்களுக்கும் ஒரே குரல்பதிவைப் போட்டுவிட்டு வெளியேறினார். “நான் ஒம்போதாவது ரவுண்டு வரிக்கும் நிம்மதியா தூங்கலாம்னுதான் வந்தேன் மாமே. நீங்க அத்தயே உட மாட்டேன்றீங்க. உங்கள அழிக்கறதுக்கு நான் இன்னாத்துக்கு?”

அவர்கள் காலை பத்து மணிக்கு விலகினார்கள். ஒன்பதரை மணியிலிருந்தே அமலுக்கு வரும்படி கிருபாகரன் அவர்களை நீக்கினார். ஆவடியிலும் அவ்வாறே. இப்போது இரண்டு அணிகளும் முழுமையான கட்டுக்கோப்புடன் இருந்தன. ஓர் அணிக்கு ஒருவர். ஒரு முணுமுணுப்புக் கிடையாது, ஓர் எதிர்க்குரல் கிடையாது. கிருபாகரன் முன்மொழிந்ததை அவரே வழிமொழிந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவருக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. ஒன்பதரைக்கு சோபாவை நகர்த்துவார். பிறகு பழைய இடத்துக்கே தள்ளுவார். “தரையெல்லாம் கோடு விழுது,” என்பாள் அனுசுயா.

ஆடி மாதம் அவள்தான் அந்தச் செய்தியைச் சொன்னாள். தேவராஜுக்கு நெஞ்சு வலி வந்து, ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவர் மனைவி இவளுக்குப் போன் செய்திருக்கிறாள்.

கிருபாகரன் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். ஒரு டஜன் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். அம்பத்தூர் தாண்டும்வரை அவருக்கு வேறு நினைவே இல்லை. எழுந்து வாடா, கொற்கையைப் பிடிச்சுட்டேன் என்ற குரல்தான் காதில் இருந்தது. ஆவடியில் இறங்கிக் குவார்ட்டர்ஸ் கேட் வரை நடந்தார். அங்கே நின்றார். இந்தச் சந்திப்பை இணைப்பு முயற்சி என்று எதிரணி திரித்துவிட்டால்? முதலில் இறங்கிவந்தது ஐயப்பன்தாங்கல்தான் என்று பதிவாகிவிட்டால்? பத்து நிமிடம் வெயிலில் நின்று யோசித்தார். பிறகு பையை கேட்டில் இருந்த செக்யூரிட்டியிடம் கொடுத்து, வீட்டு எண்ணைச் சொல்லிவிட்டுத் திரும்பினார். வரும் வழியில் வாட்ஸாப்பில் செய்தி அனுப்பினார்:

‘திரு. தேவராஜ் அவர்கள் விரைவில் பூரண நலம்பெற மன்றத்தின் சார்பில் வாழ்த்துகிறோம். இப்படிக்கு, கிருபாகரன், தலைமை நடுவர்.’

அம்பத்தூர் வருவதற்குள் பதில் வந்தது:

‘வாழ்த்து ஏற்கப்பட்டது. சாத்துக்குடி பெறப்பட்டது. பதவிப்பெயர் நிராகரிக்கப்பட்டது.’

கிருபாகரன் அதை மூன்று முறை படித்தார். ஆள் தேறிவிட்டான் என்று தெரிந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்று பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கமும் அளித்தார்.

எது உண்மையான மன்றம் என்பதை அரசாங்கமே சொல்லட்டும் என்ற முடிவுக்கு இருவரும் வந்தது ஐப்பசியில். சங்கங்களைப் பதிவு செய்யும் அலுவலகத்துக்கு ஒரே நாளில், ஒரே நேரத்தில், தனித்தனிக் கோப்புகளோடு வந்து நின்றார்கள். அங்கே மேசைக்குப் பின்னால் ஜெகதாம்பாள் என்ற அதிகாரி இருந்தார். இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

“ரெண்டு பேரும் நோக்கம்ங்கற எடத்துல ‘விளையாடுதல்’னு போட்டிருக்கீங்க. கடைசியா எப்ப விளையாடுனீங்க?”

“அது… தை மாசம் மேடம்,” என்றார் கிருபாகரன்.

“பாதி ஆட்டம்,” என்று திருத்தினார் தேவராஜ்.

“உங்க சங்கத்துல எத்தனை பேரு?”

“நான்.”

“உங்களுதுல?”

“நான்.”

“நீக்குனவங்க பட்டியல்னு ஒண்ணு இணைச்சிருக்கீங்களே?”

“நாலு பேர் மேடம்,” என்றார் கிருபாகரன்.

“எங்களுதும் நாலு,” என்றார் தேவராஜ், குறைந்துவிடக் கூடாதென்று.

ஜெகதாம்பாள் இரண்டு கோப்புகளையும் மூடி நாடாவைக் கட்டினார். “சங்கம்னா கொறஞ்சது ஏழு பேராவது வேணும். செய்யறதுக்கு ஒரு வேலை வேணும். இதுல ஆளும் இல்ல, வேலையும் இல்ல. தலைவர் மட்டும் ரெண்டு பேர் இருக்கீங்க. இது சங்கமே இல்ல சார், கட்சி. கட்சி பதியறது இங்க இல்ல, டெல்லில.”

கேலி என்பது பின்னால் வரிசையில் நின்றவர்களுக்குப் புரிந்து ஒருவர் சிரித்தும்விட்டார். மேசைக்கு முன்னால் நின்ற இருவருக்கு மட்டும் அது வழிகாட்டுதலாகப் பட்டது.

படியிறங்கும்போது தேவராஜ் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்கினார். இரண்டாவது திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினார். கிருபாகரனும் நின்றார். ‘வாடா, டீ சாப்பிடலாம்’ என்று சொல்ல வாயைத் திறந்தார். அப்போது தேவராஜ் போனை எடுத்தார். திரையில் ரயில் டிக்கெட் எடுக்கும் பக்கம் தெரிந்தது. கிருபாகரன் வாயை மூடிக்கொண்டு தன் போனை எடுத்தார்.

டெல்லி ரயில் சென்ட்ரலிலிருந்து புறப்பட்டபோது, ஒரே பெட்டியில், எதிரெதிர் கீழ்ப் படுக்கைகளில் இரண்டு தலைவர்களும் இருந்தார்கள். கிருபாகரனின் இருக்கைக்கு அடியில் ஆறடிக்கு நான்கடி ஃபிளெக்ஸ், ஆதாரம் எண் ஒன்றாக, சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது. தேவராஜின் இருக்கைக்கு அடியில் இருநூற்றுப் பன்னிரண்டு காய்களும் ஆதாரமாக டப்பாவில் இருந்தன. ரயில் குலுங்கும்போதெல்லாம் யானைகளும் குதிரைகளும் உள்ளே கலகலவென்று சத்தம் போட்டன. பத்து மாதத்துக்குப் பிறகு பாண்டிய நாடு முழுவதும் ஒரே இடத்தில் இருந்தது. அதைத் திறந்து வைத்து ஆட முப்பது மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

ஆந்திரம் முழுவதும் அவர்கள் பேசவில்லை. சாப்பிட்ட பிறகு தேவராஜ் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தண்ணீரைத் தேடினார். அவர் பாட்டில் காலி. கிருபாகரன் தன் பாட்டிலை ஜன்னலோர மேசையில் ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு வெளியே பார்த்தார். தேவராஜ் எடுத்துக் குடித்துவிட்டு, அதே இடத்தில் வைத்துவிட்டு, வெளியே பார்த்தார். இது பேச்சுவார்த்தை ஆகாது என்று இரு தரப்பும் தத்தம் மனத்தில் குறித்துக்கொண்டன.

மறுநாள் காலை நாக்பூர் தாண்டியதும் மேல் படுக்கையிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்தார். விழுப்புரத்துக்காரர், டெல்லியில் வேலை செய்யும் மகனைப் பார்க்கப் போகிறவர். கொட்டாவி விட்டார். எதிரும் புதிருமாக விறைத்து உட்கார்ந்திருந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கீழேயிருந்து கலகலவென்று வந்த சத்தத்துக்குக் காது கொடுத்தார்.

“இன்னும் ஒரு பகல் முழுக்க இருக்கு. பொழுதே போகல,” என்றார். “சீட்டு, தாயம், ஏதாவது விளையாட்டு இருக்குங்களா உங்ககிட்ட?”

“இல்லை,” என்றார்கள் கிருபாகரனும் தேவராஜும், ஒரே குரலில்.

மன்றத்தின் வரலாற்றிலேயே இரு அணிகளும் ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானம் அது ஒன்றுதான்.